வேரில் இருந்த சாவி: மருந்துக் கூர்க்கனின் வரலாறு

கற்பூரவல்லியை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. குழந்தைக்குச் சளி பிடித்தால் இரண்டு இலைகளை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து கொடுப்பது நம் வீடுகளில் பழகிப்போன வைத்தியம். பொங்கலை ஒட்டிச் சந்தைக்கு வரும் சிறுகிழங்கையும் உங்களில் பலர் சுவைத்திருப்பீர்கள். இவ்விரண்டும் கோலியஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு உடன்பிறப்பான மூன்றாவது செடி ஒன்று உண்டு. அதன் பெயர் மருந்துக் கூர்க்கன். உழவர்கள் வாயில் அது வெறும் 'கோலியஸ்'.

கல்வராயன் மலைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கும் சமவெளியில் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், நைனார்பாளையம் முதலிய ஊர்கள் உள்ளன. சற்று மேற்கே போனால் தலைவாசலும் ஆத்தூரும். கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் இந்த வட்டாரத்தில், கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளாக மருந்துக் கூர்க்கனும் ஒரு பணப்பயிராக இடம் பெற்றுள்ளது. மலைச்சரிவில் தானே வளர்ந்த ஒரு செடி எப்படி வயலுக்கு வந்தது? அதன் வேரைக் கடல் கடந்த நாடுகள் ஏன் கேட்கின்றன? அந்தத் தேவை நிலைக்குமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

செடியும் அதன் பெயரும்

மருந்துக் கூர்க்கன் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டு நாற்கோணமாக இருக்கும். இலைகள் எதிரெதிராக, மென்மயிர் போர்த்திருக்கும். பூக்கள் ஊதா கலந்த நீலம். கசக்கி முகர்ந்தால் நறுமணம். நம் நாட்டில் இமயத்தின் அடிவாரச் சரிவுகளிலும் தென்னாட்டு மலைகளிலும் இயற்கையாக வளர்கிறது. இங்கே முழங்கால் உயரத்துக்குக் குறுஞ்செடியாக நிற்கும் இது, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆளுயரப் புதராகவே வளரும். கென்யாவில் இதை வேலிச்செடியாக வைக்கிறார்கள். வாழைத்தாரைப் பழுக்க வைக்க இதன் இலைகளால் மூடுகிறார்கள். பிரேசில் நாட்டு மக்கள் செரிமானக் கோளாறுக்கு இலைக் கஷாயம் குடிக்கிறார்கள். குஜராத்தில் இதன் பருத்த வேர்களை ஊறுகாய் போடும் வழக்கம் பழமையானது. ஆகவே இதைப் பயிரிடுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. மருந்துக்காகப் பயிரிடுவதுதான் புதிது.

இச்செடியின் பெயருக்குள் ஒரு சோகக்கதை இருக்கிறது. 1761-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டென்மார்க் மன்னரின் ஆதரவில் ஆறு பேர் கொண்ட குழு ஒன்று கோபன்ஹேகனிலிருந்து அரேபியாவை ஆராயப் புறப்பட்டது. அதில் தாவர ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்றவர் பீட்டர் ஃபார்ஸ்கோல். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர். ஏமன் நாட்டு மலைகளில் அலைந்து நூற்றுக்கணக்கான செடிகளைச் சேகரித்த அவர், 1763 ஜூலையில் மலேரியாவுக்கு இரையானார். வயது 31. மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர்களில் ஒருவர் இறந்தது நம் பம்பாயில். கார்ஸ்டென் நீபூர் என்பவர் ஒருவர் மட்டுமே 1767-இல் ஊர் திரும்பினார். இறந்த நண்பரின் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி 1775-இல் நூலாக வெளியிட்டவரும் அவரே.

ஃபார்ஸ்கோலின் நினைவாக இடப்பட்ட பெயர் நம் செடிக்கும் வழங்கலாயிற்று. வெகுகாலம் இது 'கோலியஸ் ஃபோர்ஸ்கோலி' எனப்பட்டது. பெயரிடும் விதிகளை ஆராய்ந்த தாவரவியலார் இன்று 'கோலியஸ் பார்பேட்டஸ்' என்பதையே சரியான பெயராக ஏற்கின்றனர். 'தாடி உடையது' என்று அதற்குப் பொருள். செடியின் பெயரிலிருந்து ஃபார்ஸ்கோல் நீங்கிவிட்டாலும், வேரில் கிடைத்த மருந்துப் பொருளில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதுதான் ஃபார்ஸ்கோலின்.

ஒரே பொருள், இரண்டு பெயர்கள்

1970-களில் இந்திய மூலிகைகளைச் சல்லடை போட்டுச் சலிப்பதுபோல் சோதிக்கும் பணி இரண்டு ஆராய்ச்சி நிலையங்களில் நடந்தது. ஒன்று லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம். இன்னொன்று பம்பாயில் ஜெர்மானிய ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம். இரண்டு இடத்திலும் மருந்துக் கூர்க்கனின் வேர்ச்சாறு ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. அது விலங்குகளின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. இறுகிய தசைகளைத் தளர்த்தியது.

சாற்றிலிருந்து செயல்படும் பொருளைப் பிரித்தெடுத்தபின், லக்னோவினர் அதற்குக் 'கோலியோனால்' என்று பெயரிட்டனர். பம்பாயினர் 'ஃபார்ஸ்கோலின்' என்றனர். 1977-ஐ ஒட்டி வெளிவந்த அறிக்கைகளில் இரண்டின் அமைப்பும் சற்று வேறாகக் காணப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் இரண்டும் ஒன்றே என்று காட்டின. இந்தக் குழப்பம் எப்படி நேர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஃபார்ஸ்கோலின் மூலக்கூறில் 22 கார்பன், 34 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. எந்த அணு எதனுடன் இணைந்துள்ளது என்று அறிந்தால் மட்டும் போதாது. இடக்கைச் செருப்பு, வலக்கைச் செருப்பு என்று ஒன்று கிடையாது. ஆனால் இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் உண்டல்லவா? அதுபோல் இருவிதமாகத் திரும்பி நிற்கக்கூடிய கார்பன் அணுக்கள் இந்த மூலக்கூறில் எட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு என்றால் எட்டுக்கும் சேர்த்து இரண்டை எட்டு முறை பெருக்க வேண்டும். விடை 256. இந்த 256 வடிவங்களில் செடி செய்வது ஒன்றே ஒன்றைத்தான். அது எந்த வடிவம் என்பதை ஐயமற உறுதி செய்ய எக்ஸ் கதிர்கள் உதவின. படிகத்தின் வழியே கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தைக் கொண்டு அணுக்களின் இடத்தைக் கணக்கிடும் முறை அது.

பம்புசெட்டும் உயிரணுவும்

ஃபார்ஸ்கோலின் உலகப் புகழ் பெற்றது 1981-இல். அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் சீமன், பாட்ஜெட், டேலி ஆகிய மூவர் அது உடலில் வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்தனர். அதைப் புரிந்துகொள்ள ஓர் உவமையைப் பார்ப்போம்.

வயலில் ஒரு பம்புசெட் அறை இருக்கிறது. அறை பூட்டியிருக்கிறது; உள்ளே ஓர் ஆள். நிலத்துக்காரர் வீட்டிலிருந்து சொல்லியனுப்புகிறார். சேதி கொண்டுவந்தவர் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர் சுவிட்சைப் போடுகிறார். மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது.

நம் உயிரணுவிலும் இப்படித்தான் நடக்கிறது. அட்ரினலின் போன்ற ஹார்மோன் இரத்தத்தில் வரும் தூதுவன். அது உயிரணுவின் சுவருக்குள் நுழைவதில்லை. வெளியே உள்ள ஏற்பியைத் தட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. உள்ளே அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதி மோட்டார்போல் இயங்கி, 'சைக்ளிக் ஏஎம்பி' என்னும் சிறு மூலக்கூறுகளைப் பாய்ச்சுகிறது. இதயம் வேகமாகத் துடிப்பதும், மூச்சுக்குழல் விரிவதும், கொழுப்பு கரைவதும் இந்த இரண்டாம் தூதுவன் உள்ளே கொண்டுசெல்லும் கட்டளைகளே. சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டறிந்த எர்ல் சதர்லாண்டு 1971-இல் நோபல் பரிசு பெற்றார். கதவுக்கும் மோட்டாருக்கும் இடையே சுவிட்சைப் போடும் 'ஆளை', அதாவது ஜி-புரதங்களைக் கண்டறிந்த கில்மனும் ராட்பெல்லும் 1994-இல் அதே பரிசைப் பெற்றனர்.

ஃபார்ஸ்கோலின் கதவைத் தட்டுவதில்லை. யாரிடமும் சேதி சொல்வதில்லை. நேரே மோட்டாரிடம் சென்று அதை ஓட வைக்கிறது. 1997-இல் வெளியான எக்ஸ் கதிர்ப் படம் அதன் சூட்சுமத்தைக் காட்டியது. அந்த நொதியில் இரண்டு பகுதிகள் உண்டு. அவை சேரும் இடுக்கில் ஃபார்ஸ்கோலின் புகுந்து இரண்டையும் ஒட்டிப் பிடிக்கிறது. கூர்க்கன் வேரில் இருந்தது ஒரு சாவி என்பதன் பொருள் இதுவே.

ஆனால் இது எல்லா அறைகளையும் திறக்கும் சாவி. அதன் பெருமையும் குறையும் அதுவே. இதயத்துக்கென்று கொடுத்தால் இரத்தக்குழாய், மூச்சுக்குழல், குடல், சுரப்பிகள் எல்லாவற்றிலும் அது கை வைக்கும். மேலும் ஃபார்ஸ்கோலின் நீரில் எளிதில் கரையாது. ஜப்பானியர் அதை நீரில் கரையும்படி மாற்றிச் செய்த மருந்து, தீவிர இதயச் செயலிழப்புக்காக 1999-இல் அந்நாட்டில் அனுமதி பெற்றது. மற்றபடி மருந்தாக அது பெற்ற இடத்தைவிட ஆராய்ச்சிக்கூடத்தில் பெற்ற இடமே பெரிது. ஓர் எடுத்துக்காட்டு: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் உயிரணுக்களின் உப்பு வாயில்கள் பழுதடைகின்றன. நோயாளியின் குடலிலிருந்து எடுத்த திசுவைச் சிறு உருண்டைகளாக வளர்த்து அதில் ஃபார்ஸ்கோலினை இட்டால், வாயில் நன்றாயிருப்பின் உருண்டை நீர் ஏறி உப்பும், பழுதாயிருப்பின் உப்பாது. எந்த மருந்து எந்த நோயாளிக்கு உதவும் என்று பார்க்க, 2013-இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை இது.

மலையிலிருந்து வயலுக்கு

இனி நம் வயலுக்கு வருவோம். மூலிகை சேகரிப்பில் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குகிறவர் காயைத்தான் எடுக்கிறார். மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும். வேரில் மருந்திருக்கும் செடியின் கதி அப்படியல்ல. வேரைத் தோண்டினால் செடி போயிற்று. 1980-களில் ஃபார்ஸ்கோலினின் பெயர் பரவியதும் காட்டுச் செடிகள் தோண்டப்பட்டன. இப்படியே போனால் செடி அற்றுப்போகும் என்ற அச்சம் எழுந்தது. பயிரிடுவதே வழி என்றாயிற்று. 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மருத்துவத் தாவர வாரியம் முன்னுரிமை தந்த 32 மூலிகைகளுள் இதுவும் இடம் பெற்றது. ஆலைகள் உழவர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பயிரிடச் செய்த முறை தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பரவியது.

இதை வேதியியலார் ஆலையிலேயே செய்துவிட முடியாதா? செய்து காட்டியிருக்கிறார்கள். 1987, 1988 ஆண்டுகளில் மூன்று குழுக்கள் இதை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகத் தொகுத்தன. அவற்றுள் ஒன்று, 1990-இல் நோபல் பரிசு பெற்ற கோரியின் குழு. ஆனால் 256 வடிவங்களில் சரியான ஒன்றை மட்டும் பெறப் பல படிகள் தேவை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நட்டம். கடைசியில் கைக்கு வருவது சொற்பம். ஆகவே, மண்ணுக்கடியில் ஓசையின்றி அதே வேலையைச் செய்யும் வேரே மலிவான தொழிற்சாலையாக இருந்து வருகிறது.

சாகுபடி முறை எளிதே. விதைக்குப் பதிலாக 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள நுனித்தண்டுகளை நாற்றங்காலில் வேர்பிடிக்க வைத்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் எடுத்து நடுகிறார்கள். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர். தண்ணீர் தேங்காத செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம் ஏற்றது. ஐந்தாறு மாதத்தில் அறுவடை. எக்டேருக்கு 15 முதல் 20 டன் வரை பச்சை வேர் கிடைக்கும். நறுக்கி உலர்த்தினால் அது சுமார் 2 டன்னாகச் சுருங்கும்.

இங்கே ஒரு பௌதிகக் கணக்கு. 18 டன் வேர் 2 டன்னாகிறது என்றால் 16 டன் தண்ணீர் ஆவியாகிறது. ஒரு கிலோ நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 16,000 கிலோவுக்குக் கணக்கிட்டால், மின்சார அளவில் 10,000 யூனிட்டுக்கு மேல் வரும். களத்தில் விரித்த வேருக்குச் சூரியன் இலவசமாகத் தரும் ஆற்றல் அது! உலர்த்தும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால் உழவர் இழப்பது எவ்வளவு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

பயிரின் முதல் பகை மண்ணில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு நூற்புழுக்கள் வேரைத் துளைக்கின்றன. அந்தப் புண்ணின் வழியே பூசணங்கள் புகுந்து வேரை அழுகச் செய்கின்றன. செடி வாடிச் சாய்கிறது. ஒரே நிலத்தில் தொடர்ந்து கூர்க்கனையே நட்டால் புழு பெருகும். நோயற்ற நாற்று, பயிர் மாற்றம், வேப்பம் பிண்ணாக்கு, ஊடே செண்டுமல்லி ஆகியவை இதைக் கட்டுப்படுத்த உதவும் முறைகள்.

எடையா, சத்தா?

வயலில் விளைவது வேர். வாங்குகிறவருக்கு வேண்டியது ஃபார்ஸ்கோலின். உலர்ந்த வேரில் அது எவ்வளவு? ஆய்வுகளில் 0.07 விழுக்காட்டிலிருந்து 0.59 விழுக்காடு வரை காணப்பட்டிருக்கிறது. அரை விழுக்காடு என்று வைத்தால், ஒரு கிலோ வேரில் 5 கிராம். வகை, மண், அறுவடைக் காலம், உலர்த்தும் முறை ஆகியவற்றால் இது மாறும். ஒரே எடையுள்ள இரண்டு மூட்டைகளில் ஒன்றைவிட மற்றதில் எட்டு மடங்கு சத்து இருக்கக்கூடும்.

இந்த வட்டார உழவருக்கு இது புதிய அனுபவமல்ல. கரும்புக்குப் பிழிதிறன் என்கிறார்கள். மரவள்ளிக்குப் 'பாயிண்ட்' பார்க்கிறார்கள். மாவுச்சத்து மிகுந்த கிழங்கின் அடர்த்தி அதிகம். ஆகவே நீரில் அமிழ்த்தும்போது குறையும் எடையைக் கொண்டே அதைக் கணிக்கலாம். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். உழவரே நின்று பார்த்துச் சரியா என்று கேட்க முடியும். ஃபார்ஸ்கோலினை அப்படிப் பார்க்க இயலாது. அதற்கு நுண்ணிய கருவி வேண்டும். அக்கருவி வாங்குபவரிடம் இருக்கிறது. தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. இந்த அளவீட்டுக்கு உழவர் நம்பக்கூடிய பொதுச் சோதனைக்கூடம் எளிதில் கிடைக்கும்படி இருந்தாலன்றி, விலையில் பாதி உண்மை மறைந்தே இருக்கும்.

தேவையின் தன்மையையும் நாம் கவனிக்க வேண்டும். இன்று இந்த வேரின் சாறு பெரும்பாலும் மேல்நாடுகளில் உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைகளாக விற்கப்படுகிறது. கொழுப்பு உயிரணுவில் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் கொழுப்பு கரையும் என்ற தத்துவம் சரியே. ஆனால் சோதனைகள் சிறியவை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 30 ஆண்கள் 12 வாரம் பங்கேற்றனர். உடற்கொழுப்பின் விகிதம் குறைந்தது. அதே ஆண்டில் 23 பெண்களிடம் நடந்த ஆய்வில் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இவ்வளவு மெல்லிய அடித்தளத்தின்மேல் நிற்கும் சந்தை, நாகரிகம் மாறினால் சரியக்கூடியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இரத்த அழுத்தத்துக்கோ, இரத்தம் உறையாதிருக்கவோ மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இந்த வேரையோ மாத்திரையையோ தொடலாகாது.

அவுரி சொல்லும் பாடம்

இப்போது மூன்றாவது கேள்வி: தேவை நிலைக்குமா? விடையின் ஒரு பகுதி இந்த மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்த காலத்தில், சென்னை மாகாணத்தில் அவுரி மிகுதியாக விளைந்த மாவட்டங்களுள் தென்னாற்காடும் ஒன்று. அவுரியும் ஒரு குறுஞ்செடி, அதுவும் மூலிகை. இலையைத் தொட்டியில் ஊறவைத்து எடுத்த நீலச்சாயம் கப்பல் ஏறிற்று. 1883-இல் ஜெர்மானிய வேதியியலார் பேயர் நீலத்தின் அமைப்பைக் கண்டார். 1897-இல் ஜெர்மனியின் பாடிஷ் ஆலை செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில பத்தாண்டுகளில் அவுரித் தொட்டிகள் வறண்டன. திண்டிவனம் பக்கம் இன்றும் சிறிதளவு இயற்கை நீலம் எடுக்கிறார்கள். பழைய பரப்பு போனது போனதுதான்.

கூர்க்கனுக்கு அப்படி ஒரு நாள் வருமா? 2017-இல் விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஃபார்ஸ்கோலினைச் செடி எந்த நொதிகளைக் கொண்டு செய்கிறது என்று கண்டறிந்து, அந்த மரபணுக்களை ஈஸ்ட்டில் புகுத்தி, ஈஸ்ட்டே அப்பொருளைச் செய்யும்படி செய்துவிட்டார்கள். இதைச் செய்தது கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தலைமையிலான குழு. ஃபார்ஸ்கோல் கப்பலேறிய அதே நகரம்! அன்று கிடைத்த அளவு லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம். நல்ல வேர் ஒரு கிலோவில் இருப்பதை எடுக்க 125 லிட்டர் ஈஸ்ட் கரைசல் வேண்டும். ஆகவே வேர் தோற்றுவிடவில்லை. ஆனால் பேயரின் கண்டுபிடிப்புக்கும் ஆலையின் விற்பனைக்கும் இடையே 14 ஆண்டுகள்தான் கடந்தன என்பதை நினைவிற் கொள்க.

அவுரி பயிரிட்ட நம் முன்னோருக்கு ஜெர்மனியில் நடப்பதைச் சொல்ல ஆளில்லை. இன்றைய உழவர் அப்படி இருக்க வேண்டியதில்லை. கூர்க்கன் நடுமுன் மூன்றைக் கேட்டறியலாம்: வாங்குபவர் யார், விலை எழுத்தில் இருக்கிறதா? சத்தை அளப்பவர் யார், அந்த அளவை வேறிடத்தில் சரிபார்க்க வழி உண்டா? நிலம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறோமா, ஒரு பகுதியைத்தானா? நைனார்பாளையத்திலோ சின்னசேலத்திலோ படிக்கும் மாணவர் ஒருவர் வேதியியல் கற்று இரண்டாவது கேள்விக்கு ஊரிலேயே விடை சொல்லும் நிலை வந்தால், வேரில் இருந்த சாவியின் ஒரு பிரதி உழவர் கையிலும் இருக்கும்.